உதயகலாவின் பெல்ட் ஆகாயத்தில் நின்ற நாள்

மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கள் ஊர் கரவெட்டியில் கோயிலுக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சமில்லை. ஆனால் இது ஆகாயத்தில் நடந்த விசயம். ஆகாயத்தில் தானே பறந்து பழகிய தெய்வந்தான் இதற்குச் சாட்சி நிற்கலாம். மற்றத் தெய்வங்கள் வாகனத்தில் போகிறவை, வழியை அவ்வளவு கவனிப்பதில்லை. நம்பாதவர்களுக்குக் கைக் கொப்புளத்தைக் காட்டுவேன்.

எனக்குப் பக்கத்து வளவு கோபிசங்கருடையது. வருசத்தில் பத்து மாதம் அவன் வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரன். வாடைக்காற்றுத் தொடங்கினால் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு மூங்கில் சீவத் தொடங்கிவிடுவான். பட்டம் கட்டுகிற பைத்தியம். அந்த வீட்டில் அடுப்பெரிவது அவனுடைய பெண்சாதி உதயகலாவின் உழைப்பில். அவள் வல்லைவெளிக்கு அந்தப் பக்கம், அச்சுவேலிப் பக்கமாக இருந்த பெல்ட் கொம்பனியில் வேலை செய்தாள். கொம்பனிப் பலகையில் வேறு என்னவோ பெயர் எழுதியிருந்தது. விமான இருக்கைகளில் இடுப்பைக் கட்டுகிற பெல்ட் தைக்கிற இடமாதலால் எங்களுக்கு அது பெல்ட் கொம்பனி.

வேலை கேட்பதற்கு இலேசு. சாம்பல் நிற நாடா கப்பலில் சுருள் சுருளாக வரும். அதை அளவாக வெட்டி, நுனியைக் கொளுக்கிக்குள் விட்டு மடித்து, மடிப்பின்மேல் ஒரு சதுரம் தைக்க வேண்டும். சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு பெருக்கல் அடையாளம். அவ்வளவுதான். ஆனால் நாடா பலகை மாதிரித் தடிப்பு. ஊசி, மாட்டுக்குப் போடுகிற ஊசியின் பருமன். இடைக்கிடை முறிந்து நெற்றிக்குப் பறக்கும். பின்னேரம் கொம்பனி வாகனத்தால் இறங்கும்போது உதயகலாவின் விரல்கள் மடங்கியே இருக்கும். கோபிசங்கர் நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசி, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிடுவான். அந்த வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று இல்லை. விரல் நிமிர்த்துகிற நேரம் என்றுதான் சொல்வார்கள்.

வேறு தையல் அவளுக்கு மறந்து போயிருந்தது. தலையணை உறை தைத்தாலும் சதுரமும் பெருக்கலுந்தான். ஆட்டுக் கயிற்றிலும் அதுதான், கோபிசங்கர் இடுப்பில் உடுக்கிற சறத்திலும் அதுதான். ஒரு முறை புயல் வந்து ஊர் முழுக்க ஓடு பறந்தது. விடிந்து பார்த்தால், அவர்களுடைய வளவில் முருங்கை மரம் வேரோடு கிளம்பியிருக்கிறது. விழவில்லை. கொடியில் காயப்போட்ட சறம் மரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் கண்ணால் கண்டேன்.

இத்தனை பெல்ட் தைத்தவள் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. பலாலிக்குப் போகிற சின்ன விமானம் தலைக்கு மேலால் இரைந்து போனால் நிமிர்ந்து பார்ப்பாள்.

"எல்லாரும் கட்டியிருப்பினம்," என்பாள். பிறகு குனிந்து கோழிக்குத் தீன் போடுவாள்.

கரைச்சல் தொடங்கியது ஐப்பசியில். நாடாச் சுருள் வருவது குறைந்தது. அந்தக் கொம்பனிக்குள் நான் கால் வைத்ததில்லை என்று யாரும் குறுக்கே பேச வேண்டாம். உதயகலா ஒன்றைச் சொன்னால் அது நான் அங்கே இருந்து பார்த்த மாதிரித்தான்.

அவளுக்குப் பக்கத்து மெசினில் லூர்த்தம்மா. மயிலிட்டிக்காரி, கடற்றொழில் வீட்டுப் பெண், வாய்க்கு வேலி இல்லாதவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதை இப்படிப் போனது:

"சுருள் அடுக்கிற இடத்தைப் பாத்தியே?" என்றாள் லூர்த்தம்மா. "முந்திக் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கும். இப்ப பூனை படுக்கிற அளவுக்கு இடம் கிடக்கு. பூனையும் படுத்துக் கிடக்கு."

"கப்பலிலை வருதாம் அக்கா. மனேச்சர் சொன்னவர்."

"என்ரை மனுசன் கடலிலைதானே நிக்கிறார். அப்பிடி ஒரு கப்பலும் வரக் காணேல்லையாம்."

"ஏனக்கா, சனம் பிளேனிலை போறதை விட்டிட்டுதோ?"

"சனம் போகுது. பிளேன் செய்யிறவைதான் செய்யிறதைக் குறைச்சுப் போட்டினமாம். ஏதோ ஒரு தேசத்திலை ஆயிரக்கணக்கிலை ஆக்களை நிப்பாட்டிப் போட்டினமாம். மகள் போனிலை காட்டினவள். எல்லாரும் பெட்டியும் கையுமா வாசலிலை நிக்கினம். வெள்ளைக்காரர் அழுது நான் அண்டைக்குத்தான் பாத்தனான்."

"அந்தத் தேசத்திலை நிப்பாட்டினால் எங்களுக்கென்ன?"

"பிளேனிலை கதிரை இல்லாட்டி பெல்ட்டை ஆரின்ரை இடுப்பிலை கட்டுறது? உன்ரை ஆட்டுக்கோ?"

"ஆட்டுக்குக் கட்டித்தான் கிடக்கு," என்றாள் உதயகலா.

மனேச்சர் டினேஸ் நல்ல பெடியன். நெல்லியடிப் பக்கம். வரிசைகளுக்கு இடையில் நடந்து, "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ, ஒண்டும் இல்லை," என்று சொல்லிக்கொண்டு திரிவான். அதுவரை பயப்படாதவர்களும் அதன் பிறகுதான் பயந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லாமலே எல்லாரும் மெல்லத் தைக்கத் தொடங்கினார்கள். மிஞ்சிய சுருள் முடிந்துவிட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் பார்க்க விருப்பமில்லை. ஒரு சதுரத்தின் ஒரு பக்கத்தைத் தைத்துவிட்டு நெற்றியைத் துடைப்பார்கள். பெருக்கலின் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். சாப்பாட்டுப் பெட்டிகளும் மாறின. முன்பு மூடியைத் திறந்தால் மீன் தீயல் மணக்கும், லூர்த்தம்மாவின் கணவாய்க் கறிக்குச் சண்டை நடக்கும். இப்போது பெட்டிக்குப் பெட்டி சம்பல். ஒருத்தியின் பெட்டியை மற்றவள் எட்டிப் பார்ப்பது நின்றது.

ஒரு நாள் விரல் நிமிர்த்துகிற நேரம், வேலிக்கு இந்தப் பக்கம் நான் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டுமென்று கேட்கவில்லை. காது அந்தப் பக்கம் இருந்தது.

"இஞ்சருங்கோ, என்னை நிப்பாட்டினால் என்ன செய்யிறது?"

"நிப்பாட்ட மாட்டினம்."

"நிப்பாட்டினால்?"

"வெங்காயம் கிடக்கெல்லே."

"போன முறையும் கிடந்தது. மழைக்கு அழுகிக் கிடந்தது."

கோபிசங்கர் அடுத்த விரலுக்குப் போனான்.

"எனக்கு வேறை ஒண்டும் தைக்கத் தெரியாதப்பா. இந்த வயசிலை ஆர் என்னை எடுக்கிறது? ஒரு பிள்ளைக்குச் சட்டை தைச்சுக் குடுத்தாலும், அது கழட்டேலாமல் அழும்."

"விடு. வாடை எழும்பட்டும். எல்லாம் சரியாகும்."

"வாடைக்கும் வேலைக்கும் என்ன கண்டறியாத சம்பந்தம்?"

பட்டம் கட்டுகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் காற்றோடு ஒரு சம்பந்தம் இருக்கிறது.

கார்த்திகை விளக்கீட்டன்று தூறல். வாசலில் வாழைக்குற்றி நட்டு, சிட்டியில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானமே உதயகலா ஒழுங்கையால் நடந்து வந்தாள். கொம்பனி வாகனம் வரவில்லை. குடை இருந்தது, விரிக்கவில்லை.

"என்ன பிள்ளை, வேளைக்கு?"

"கரண்ட் இல்லை மாமா. எல்லாரையும் அனுப்பிப் போட்டினம்."

விளக்கீட்டுக்கு உதவுவதாகச் சொல்லி என் வாசலிலேயே குந்தினாள். திரி திரிக்கப் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு பெல்ட் மடித்துக் கிடந்தது. ஒவ்வொரு பெல்ட்டிலும் தைத்தவளின் இலக்கம் குத்தியிருக்கும். அவளுடையது பதினாலு.

"உதென்ன பிள்ளை?"

"கழிவு மாமா. சதுரம் ஒரு நூல் கோணிப் போச்சு."

"கழிவெண்டால் துண்டு துண்டா வெட்டுறதெண்டெல்லோ சட்டம்? வெளியிலை கொண்டு போனால் வேலை போகுமெண்டு நீதானே சொன்னனீ?"

"ஓம். வெட்ட மனம் வரேல்லை," என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் வைத்த சிட்டி விளக்குகள் தூறலிலும் அணையவில்லை. இதையும் ஆஞ்சநேயர் அறிவார்.

மார்கழியில் வாடை எழும்பியது. கோபிசங்கர் இந்த முறை கட்டியது எட்டுமூலைப் பட்டம். படலையால் வெளியே போகாத பருமன். வேலியை ஒரு பக்கம் பிரித்து வைத்தான். எங்கள் பக்கத்துப் பட்டத்தின் உயிர் அதன் விண்ணில் இருக்கிறது. பட்டத்தின் தலையில் மூங்கிலை வில்லாக வளைத்து, அதன் இரண்டு நுனிக்கும் இடையில் ஒரு நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் அது அதிர்ந்து கூவும். அதுதான் விண். ஒரு காலத்தில் பனைநார் கட்டினார்கள், இப்போது பெட்டி கட்டுகிற பிளாஸ்ரிக் நாடா. பட்டத்தை ஏற்றியபின் கயிற்றைப் பனையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்போம். விடிய விடிய அது கூவிக்கொண்டு நிற்கும். கூவல் நின்றால்தான் ஊர் விழிக்கும்.

"கலா, அந்தப் பெல்ட்டை ஒருக்காத் தா."

"விசரே உங்களுக்கு? அதிலை என்ரை இலக்கம் குத்திக் கிடக்கு. ஆரும் கண்டால்?"

"ஆகாயத்திலை ஏறி ஆர் வாசிக்கிறது?"

அவள் யோசித்தாள். பிறகு உள்ளே போய்க் கொண்டு வந்தாள். நுனிகளை அவன் முடிச்சுப் போடப் போனதைப் பறித்து, தானே தைத்துக் கொடுத்தாள். ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல்.

தைப்பொங்கலன்று பின்னேரம் ஏற்றினார்கள். அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? மற்ற விண்கள் கூவும். இது கூவவில்லை. பெரிய விமானம் ஒன்று வெகு தூரத்தில், இறங்குகிற யோசனை இல்லாமல் போய்க்கொண்டேயிருக்கிற மாதிரி ஒரு முழக்கம். காதால் கேட்பதற்கு முன் நெஞ்சுக்குழியில் கேட்டது. கேட்டவுடன் கண் சொருகியது. அடுப்பில் பொங்கல் தானாகப் பொங்கித் தானாக அடங்கியது. பல வருசமாக நித்திரை வராத வியாதிக்காரர் எங்கள் மார்க்கண்டர். அன்றைக்குச் சாய்ந்தவர் அடுத்த நாள் மாட்டுப் பொங்கலைத் தவறவிட்டார். மாடு வந்து எழுப்பியது. அதற்கும் அவர், "வாறன், நீ போய்ப் படு," என்று சொன்னாராம். நெல்லியடி பஸ்காரர் எங்கள் சந்தியில் நிறுத்திவிட்டு, ஏறிய சனத்தோடு சேர்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுப் போவதை வழக்கமாக்கினார். பிந்திப் போனதற்கு ஒருவரும் குறை சொன்னதில்லை.

நாளாக நாளாக நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். காற்றும் பெலத்தது. பட்டம் கயிறு கேட்டது. கோபிசங்கர் கொடுத்தான். கயிறு முடிந்தது. லூர்த்தம்மாவின் மனுசன் மயிலிட்டியிலிருந்து பழைய வலைக்கயிறு கொடுத்தனுப்பினார். அதையும் கட்டிக் கொடுத்தான். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்று. பட்டம் தென்மேற்காகச் சாய்ந்து, வயல்களைக் கடந்து, வல்லைவெளியில் நீருக்குள் நிற்கிற கொக்குகளைக் கடந்து, ஒரு நாள் விடியப் பார்த்தால் அச்சுவேலிக்கு மேலே நிற்கிறது. கயிறு அவ்வளவு நீளமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போதுமான நீளம்.

அன்றைக்கு முதல் நாள் பின்னேரந்தான் கொம்பனியில் செய்தி வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். பலாலியில் இறங்கி நேரே கொம்பனிக்கு வந்து, ஆரை வைத்திருப்பது, ஆரை நிறுத்துவது என்று முடிவு செய்யப் போகிறார். உதயகலா விடிய எழுந்து தலைக்கு ஊற்றி, கொம்பனிச் சட்டையை உடுத்திக்கொண்டு படலைக்கு வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். கயிறு போகிற திசையைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ! பட்டம் எங்கை நிக்குது?"

"அச்சுவேலியிலை," என்றான் அவன் பெருமையாக.

"ஐயோ, என்ரை தலையிலை மண்ணைப் போட்டியளே! கொம்பனிக் கூரைக்கு நேரை மேலை நிக்குது! பெரியவர் வந்து, உதென்ன சத்தமெண்டு அண்ணாந்து பாத்தாரெண்டால்? பதினாலெண்டு குத்திக் கிடக்கு! களவெடுத்தவள் எண்டு முதல் ஆளா என்னையெல்லோ அனுப்புவார்!"

"இவ்வளவு உயரத்திலை—"

"உயரத்தைக் கதையாதேங்கோ. இறக்குங்கோ!"

"இப்ப இறக்கினால் கொம்பனி முத்தத்திலை போய்க் குந்தும். இழுத்து எடுக்கவேணும் கலா. இழுக்கிறன். நீ போ."

"மாமா, நீங்களும் ஒருக்காப் பிடியுங்கோ," என்று வேலியைப் பார்த்துச் சொன்னாள். நான் அங்கே நிற்பது அவளுக்கு எப்படியோ தெரியும். வாகனம் வந்தது. ஏறும்போது அவள் கை இடுப்பில் பெல்ட் தேடியது. அந்த வாகனத்தில் பெல்ட் இல்லை.

நானும் கோபிசங்கரும் பனையடியில் நின்று இழுத்தோம். பட்டக் கயிற்றை இழுத்தால் விண் பெலக்கும். இது பட்டம் விட்ட எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. ஒரு முழம் இழுக்க முழக்கம் ஒரு முழம் பெருத்தது. பழகிய காதுக்கும் அது புதிதாக இருந்தது.

"அண்ணை, கண்ணைக் கொண்டு போகுது," என்றான் கோபிசங்கர். எனக்கு மகன் வயது, ஆனாலும் அண்ணை என்பான்.

"விடாதை. இழு."

"நீங்கள் இழுக்கிறியளோ?"

"நான் இழுத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறன்," என்றேன்.

கொம்பனியில் அதே நேரம் பெரியவர் உள்ளே வந்துவிட்டார். நெட்டை மனுசன். வாசல் நிலைக்குக் குனிந்தவர் பிறகு நிமிரவில்லை. கூரையும் பதிவு, தலை இடிக்கும். டினேஸ் பின்னால் போனான். மெசின்கள் ஓடின. ஒவ்வொரு மெசினுக்குப் பின்னாலும் பெரியவர் நின்று பார்த்தார். யாருக்குப் பின்னால் நின்றாரோ அவளுடைய ஊசி நடுங்கியது.

"உதென்ன சத்தம்?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"ஜெனரேற்றர், சேர்," என்றான் டினேஸ். கொம்பனியில் ஜெனரேற்றர் இருந்ததில்லை.

பெரியவர் ஜன்னலுக்குப் போய் அண்ணாந்தார். உதயகலாவின் கால் மெசின் மிதியிலிருந்து நழுவியது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி வந்து, அவளுடைய மெசினில் ஒட்டியிருந்த இலக்கத்தை வாசித்தார். பதினாலு. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவி வந்தது.

முதலில் லூர்த்தம்மாவின் தலை மெசின்மேல் சாய்ந்தது. பிறகு வரிசையாக, காற்றுக்குப் புகையிலைக் கன்று சாய்கிற மாதிரி எல்லாத் தலைகளும். டினேஸ் சுவரோடு சறுக்கி இறங்கினான். பெரியவர் நாடாச் சுருள்களில் போய்ச் சரிந்தார். பூனை எழுந்து, அவருக்கு இடம் விட்டு, அவருடைய வயிற்றில் படுத்தது. மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முழக்கம் மட்டும் நிற்கவில்லை.

ஒரே நித்திரை என்பதால் கனவும் ஒன்றுதான்.

பெரிய விமானம். சன்னல்களால் பால் மாதிரி வெளிச்சம். வரிசை வரிசையாக இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒருத்தி, கொம்பனிச் சட்டையோடு. ஒவ்வொருத்தியும் முதலில் குனிந்து தன் பெல்ட்டைத்தான் பார்த்தாள். சதுரம் இருந்தது, பெருக்கல் இருந்தது, தன்னுடைய இலக்கம் இருந்தது. 'கிளிக்' என்று பூட்டினார்கள். இத்தனை காலமும் தைத்தவர்கள் அந்தச் சத்தத்தைத் தங்கள் இடுப்பில் கேட்டது அன்றைக்குத்தான். சிலர் கழற்றித் திரும்பவும் பூட்டிப் பார்த்தார்கள். லூர்த்தம்மாவுக்குச் சன்னலோர இருக்கை.

"அடியே, மயிலிட்டி தெரியுது! என்ரை மனுசன் வள்ளத்திலை நித்திரை கொள்ளுறான் பார். ஏய்! வலையை எடு! வலையை எடு!"

"கேக்காதக்கா, உயரம்," என்றாள் உதயகலா.

கீழே தொண்டைமானாற்றுத் தண்ணீர் வெள்ளிக் கம்பி மாதிரி. சிவப்பு மண்ணில் வெங்காயப் பாத்திகள், அதற்கப்பால் பனைகள், அதற்கப்பால் கடல், கடலில் தீவுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து போய்க்கொண்டிருந்தன. யாரும் எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. நான் கடைசி வரிசையில், மலகூடத்துக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். கோபிசங்கருக்கு இருக்கை இல்லை. ஒருவன் கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும் அல்லவா. தட்டத்தில் பருத்தித்துறை வடை வந்தது. நான் இரண்டு எடுத்தேன்.

அப்போது முன்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு பெரியவர் வந்தார். இங்கேயும் குனிந்துதான். ஒவ்வொருத்தியின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். இழுத்துப் பார்த்து, தலையாட்டி, அடுத்தவள். உதயகலா தன் மடியைப் பார்த்தாள். அவளுடைய இருக்கையில் ஒரு பாதிதான் இருந்தது. கொளுக்கி இருந்தது. அதற்குள் போக வேண்டிய மற்றப் பாதி இல்லை. சேலைத் தலைப்பால் மூடுகிற மாதிரி சட்டை நுனியால் மூடினாள். பெரியவர் வந்து நின்றார்.

"மற்றப் பாதி எங்கை பிள்ளை?" என்று கேட்டார். கனவில் அவர் நல்ல கரவெட்டித் தமிழ் கதைத்தார்.

உதயகலாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"வெளியிலை நிக்குது ஐயா," என்றாள்.

பெரியவர் குனிந்து சன்னலால் பார்த்தார். விமானத்தின் செட்டையோடு செட்டையாக எட்டுமூலைப் பட்டம் பறந்துகொண்டிருந்தது. அதன் தலையில் அவளுடைய பெல்ட் அதிர்ந்துகொண்டிருந்தது. பட்டத்திலிருந்து ஒரு கயிறு விமானத்தின் மூக்குக்கு வந்து, அங்கிருந்து கீழே, கீழே, ஒரு பனைக்குப் போனது.

"உந்தக் கயிறு என்னத்துக்கு?"

"எங்கடை ஊரிலை, பறக்கிறதைக் கட்டிப்போட்டுத்தான் நாங்கள் நித்திரைக்குப் போறது."

பெரியவர் சன்னலை விட்டுத் திரும்பினார்.

"நான் ஆக்களை இறக்கவெண்டு வந்தனான்," என்றார் வருத்தமாக.

"இஞ்சை எங்கை ஐயா இறக்கிறது?" என்றாள் லூர்த்தம்மா முன் இருக்கையிலிருந்து திரும்பி. "வெளியிலை ஆகாயமெல்லே. கதவைத் திறந்து ஆரைத் தள்ளப் போறியள்? என்னையோ? நான் பாரம் கண்டியளோ."

பெரியவர் விமானத்தின் நீளத்துக்கும் ஒரு முறை பார்த்தார். எல்லாரும் கட்டியிருந்தார்கள். அவர் சன்னலைத் திறந்தார். கனவில் அது திறந்தது. நெடிய கையை வெளியே நீட்டி, பட்டத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றினார். உதயகலாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கொளுக்கியில் விட்டார்.

'கிளிக்.'

அந்தச் சத்தத்தில்தான் எல்லாரும் விழித்தோம்.

பனையடியில் எனக்கு வடை மணத்தது. கோபிசங்கர் நின்ற நிலையில் விழித்தான், கயிறு கையில் இருந்தது, தொய்ந்திருந்தது. பட்டம் மெல்ல மெல்ல, கோழி இறகு விழுகிற மாதிரி, வல்லைவெளித் தண்ணீரில் கொக்குகளுக்கு நடுவே இறங்கியது. போய் எடுத்துப் பார்த்தோம். வில் இருந்தது, விண் இல்லை. கொம்பனியில் பெரியவர் சுருள்மேல் எழுந்து உட்கார்ந்து, பூனையை இறக்கிவிட்டு, தன் இடுப்பைப் பார்த்தார். பதினாலாம் இலக்கப் பெல்ட் பூட்டியிருந்தது. அவர் அதைக் கழற்றவில்லை. டினேசைக் கூப்பிட்டு இரண்டு வசனம் சொன்னார். டினேஸ் கதிரையில் ஏறி நின்று அதைத் தமிழில் சொன்னான்.

"ஒருத்தரையும் நிப்பாட்டேல்லையாம். ஒருத்தரையுமாம்!"

யாரும் கைதட்டவில்லை. லூர்த்தம்மா மூக்கைச் சீறினாள். உதயகலா ஊசிக்கு நூல் கோத்தாள். பெரியவர் அந்தப் பெல்ட்டைக் கட்டியபடியே பலாலிக்குப் போய் விமானம் ஏறினார். அந்தக் கிழமையே நாடாச் சுருள் வந்து கூரை முட்ட அடுக்கப்பட்டது. பூனைக்கு இடமில்லாமல் போய், அது கோபித்துக்கொண்டு ஆவரங்காலுக்குக் குடிபோனது. லூர்த்தம்மா மயிலிட்டியில் பெரிய பானையில் கூழ் காய்ச்சினாள். நண்டும் கணவாயும் திருக்கையும் போட்டு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ். எல்லாரும் பிலாவிலையில் குடித்தோம். பெட்டிகளில் மீன் தீயல் திரும்ப மணத்தது. பின்னேரங்களில் வேலிக்கு அந்தப் பக்கம் நல்லெண்ணெய் சூடாகிற வாசம் வந்தது.

"இஞ்சருங்கோ, மெல்ல. அந்த விரல் நோகுது."

"இண்டைக்குக் கன வேலையோ?"

"ஓம். கன வேலை," என்பாள் உதயகலா. அந்த 'ஓம்' வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்போது எனக்கும் நித்திரை வந்துவிடும்.

இவ்வளவும் நடந்தது தைப்பொங்கல் கழிந்த பிறகு.

பெல்ட் கொம்பனியை அதற்கு முந்திய கார்த்திகையில், விளக்கீட்டன்று மத்தியானமே இழுத்துப் பூட்டிவிட்டார்கள்.